ஐப்பசி மாதத் தாழ்ப்பாள்

மாதம் ஒரு புதுமை செய்யாத கம்பெனிக்குப் பூட்டு என்று அரசாங்கம் சட்டம் போட்டதிலிருந்து, திண்டுக்கல்லில் தாழ்ப்பாள் கம்பெனி நடத்தும் செசிலி மாதாமாதம் ஒரு தாழ்ப்பாளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் செய்தது கைதட்டினால் திறக்கும். ஆடியில் செய்தது அழுதால் திறக்கும். பழைய மாதத்து வரைபடத்தை வைத்திருந்தாலே குற்றம் என்பதால், மற்றவை எப்படித் திறக்கும் என்பது அவளுக்கே மறந்துபோனது.

ஐப்பசிக்கு ஒன்றுமே தோன்றாமல் அவள் தவித்துக்கொண்டிருந்த அன்று, புதுமை ஆய்வாளர் தணிகைவேல் சோதனைக்கு வந்தார். வந்தவர் முதலில் கழிவறைக்குப் போனார். அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை.

செசிலி கதவருகே போய்க் கேட்டாள். "சார், அது எந்த மாசத்துத் தாழ்ப்பாள்னு ஏதும் போட்டிருக்கா?"

"ஒண்ணும் போடலம்மா. கையும் தட்டியாச்சு, அழுதும் பாத்தாச்சு. கடப்பாரையால உடைச்சிருங்க."

"உடைக்கிறது பழைய முறையாச்சே சார். என் லைசென்ஸ் போயிருமே."

"அப்ப அதையே இந்த மாசப் புதுமைன்னு எழுதிக் குடுங்கம்மா."

'கடப்பாரையால் திறக்கும் தாழ்ப்பாள்' என்று எழுதி, விண்ணப்பத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். கையெழுத்தும் முத்திரையுமாக அடுத்த நிமிடமே திரும்பி வந்தது. அவருடைய உத்தியோகத்தில் ஒரு காகிதம் இத்தனை வேகமாக நகர்ந்ததில்லை.

செசிலி கடப்பாரையைத் தூக்கினாள். அப்போதுதான் முத்திரைக்குக் கீழே அச்சிட்டிருந்த வரி கண்ணில் பட்டது: ஒப்புதல் கிடைத்து முப்பது நாள் கழித்தே பயன்படுத்த வேண்டும்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"சார், தோசை சாப்பிடுவீங்கல்ல? இட்லி கதவுக்கு அடியில நுழையாது."