பட்டைக் கோடு

"கை நடுங்குதா மேடம்? கரிக்கட்டையால வரைஞ்ச மாதிரி இருக்கு" என்று மஸ்கட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் "சோம்பேறித்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்.

ஜெயப்ரியா இரண்டையும் படித்துவிட்டு, பவானிபூர் சைபர் கஃபேயின் ஆடுகிற நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதில் எழுதவில்லை. எழுதினால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

'மங்கி கேப் மாமா' அவளுடைய இணையச் சித்திரக்கதை. துர்கா பூஜை முடிந்து காற்று லேசாகச் சிலுசிலுத்ததுமே குல்லாவை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற ரயில்வே மனிதர் ஒருவரின் கூத்து. வாரம் முழுக்க இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு, கிடைத்த நேரத்தில் பென்சிலில் வரைந்து, மசி போட்டு, வசனத்தையும் கையாலேயே எழுதி, சனிக்கிழமை காலையில் இங்கே வந்து ஸ்கேன் செய்து ஏற்றுவாள். எந்தப் பத்திரிகையும் சீந்தாத படத்தை உலகமே பார்க்கலாம் என்பதில் அவளுக்கு அப்படியொரு திமிர்.

ஆரம்பத்தில் பக்கத்துக்கு ஆறு கட்டம், தலைமுடி போன்ற கோடு. இந்த ஒரு வருஷத்தில் ஆறு நாலாகி, நாலு இரண்டாகிவிட்டது. கோடு மட்டும் தடித்துக்கொண்டே போனது.

செல்போன் அடித்தது. சென்னையிலிருந்து சந்தானம், ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர். இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை.

"உங்க பழைய படமெல்லாம் பிரமாதம்மா. அந்த மெல்லிசுக் கோட்டுக்குத் திரும்பிட்டீங்கன்னா வாரா வாரம் ஒரு பக்கம் உங்களுக்கு. இன்னிக்கு எங்க முதலாளி உங்க சைட்டைப் பார்க்கப் போறாரு. இதே பட்டைக் கோடுன்னா நான் ஒண்ணும் பேச முடியாது."

"சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

பென் டிரைவில் இரண்டு படங்கள் இருந்தன. ஒரே மாமா, ஒரே சிரிப்பு. மெல்லிய நிப்பில் வரைந்தது சந்தானத்துக்கு. மார்க்கரில் வரைந்தது சாந்த்ராகாச்சியில் இருக்கும் அப்பாவுக்கு.

மங்கி கேப் மாமா வேறு யாருமில்லை, ரயில்வே யார்டில் வேலை பார்த்து ரிடையரான அவள் அப்பா சண்முகம்தான். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருப்பதைப் போன வருஷம் அம்மாதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "பார்வை மங்குதுடி. உனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறாரு. நீயும் காட்டிக்காத, மனுசன் உடைஞ்சு போயிடுவாரு."

அவள் காட்டிக்கொள்ளவில்லை. நிப்பை வைத்துவிட்டு மார்க்கரை எடுத்தாள்.

அதற்குப் பலனும் இருந்தது. அம்மா கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வைப்பாள், கொஞ்ச நேரத்தில் அப்பா போன் செய்து ரசித்து ரசித்துப் பேசுவார். போன வாரம் மாமாவின் செருப்போரம் விளையாட்டாக வைத்த புள்ளியளவு எறும்பைக்கூட விடவில்லை. "அந்த எறும்புக்கும் குளிருதா?" என்று அவர் கேட்டபோது ஜெயப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசகர்கள் திட்டினால் திட்டட்டும் என்று இருந்தாள்.

நேற்று அம்மா கரக்பூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போதும் போன் செய்திருந்தாள். "'படத்தை நானே திறந்து பார்த்துப்பேன், நீ கிளம்பு'ன்னு உங்கப்பா விரட்டுறாருடி. நீ எப்பவும் போலப் போட்டுடு."

வழக்கப்படி போன வாரப் படத்தை முதலில் நீக்கினாள். பக்கம் வெள்ளையாக, வெறுமையாக நின்றது.

மெல்லியதை ஏற்றினால் அப்பா திரையில் ஒன்றும் தெரியாமல் தவிப்பார். தெரியவில்லை என்று சொல்லவும் மாட்டார். தடித்ததை ஏற்றினால் ஆயுசுக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்தான். மவுஸ் இங்கும் அங்கும் போய் வந்தது.

"ஹோலோ, தீதி?" என்றார் கடைக்காரர், முடிந்ததா என்று. வழக்கமாக இந்நேரம் படம் ஏறியிருக்கும்.

சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தாள். போதும் இந்த நாடகம். 'எனக்குத் தெரியும்ப்பா' என்று சொல்லிவிடலாம். ஊருக்கு மெல்லிசுக் கோடு, அப்பாவுக்கு மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை கையோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் எதையும் ஏற்றுவது.

பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டோ இரைச்சலுக்கு ஒதுங்கி நின்று எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வாரப் படம்..."

"உனக்குத்தான் போன் பண்ண இருந்தேன், நீயே பண்ணிட்ட" என்றார் அப்பா. குரலில் எப்போதும் இருக்கும் அதே குதூகலம். "கம்ப்யூட்டர் முன்னாடிதாம்மா உட்கார்ந்திருக்கேன். இப்பத்தான் சிரிச்சு முடிச்சேன்."

ஜெயப்ரியா கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தாள். அவள் திரையில் அந்த வெள்ளைப் பக்கம் அப்படியே இருந்தது.

"பளிச்சுன்னு தெரியுதும்மா."