நமக்குள்ள என்ன தேங்க்ஸ்?

"தேங்க்ஸ் மாமா."

மருந்துக்கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த மாமா நிமிரவில்லை.

"எதுக்கு?"

"எதுக்கா? உங்களாலதான் அந்த வேலை கிடைச்சுது. பெரிய ஆஸ்பத்திரி மாமா. மருந்து ஸ்டோர்ல வர்ற சரக்கைப் பார்த்து எடுக்கிற வேலை. நாளைக்குச் சேரணும்."

"நமக்குள்ள என்ன தேங்க்ஸ்? நான் என்ன மூணாம் மனுஷனா?"

சிட்டு விழித்தாள். மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவள் வீட்டில் யாருக்குமே தெளிவில்லை. அண்ணனுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தார். அவன் நன்றி சொல்லவில்லை. 'ஒரு வார்த்தைக்குக்கூடப் பஞ்சமா?' என்று மாதக்கணக்கில் அவனோடு பேசாமல் இருந்தார். சரியென்று, அடுத்த உதவிக்கு அம்மா நன்றி சொல்லப்போக, 'என்னை அந்நியனாக்கிட்டியே அக்கா' என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

படிப்பு முடிந்ததிலிருந்து இந்தக் கடையில் நின்றவள் அவள். வேறு வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாள் முதல் மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனம் கோணியிருக்க, புது இடத்தில் காலெடுத்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இருமல் மருந்து வாங்கிய ஒருவர், "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மட்டும் மாமா சிரித்துத் தலையாட்டினார்.

சிட்டு முறையை மாற்றிப் பார்த்தாள்.

"சரி, தேங்க்ஸ் வேண்டாம். எனக்கு ரொம்ப சந்தோஷம் மாமா."

"சந்தோஷப்படுற அளவுக்கு நான் ஒண்ணும் பண்ணலை."

"பண்ணலையா? 'உங்க மாமாகிட்ட விசாரிச்சோம், அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்தோம்'னு மேனேஜரம்மாவே சொன்னாங்களே."

கத்தரிக்கோல் நின்றது.

"வேற யாரையாவது நெனச்சுச் சொல்லியிருப்பாங்க."

"நம்ம கடைப் பேரைச் சொன்னாங்க மாமா."

"அப்போ அவங்களுக்குத்தான் ஏதோ குழப்பம்."

உள்ளறையிலிருந்து வந்த அத்தை, மருந்துப் பெட்டியைத் தொப்பென்று இறக்கினாள். "இவர் எப்பவும் இப்படித்தான்டி. செய்யறதைச் செஞ்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பாரு. ஏங்க, புள்ளை ஆசையா சொல்லுது. 'நல்லா இரு'ன்னு சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"நீ சும்மா இரு."

"புது மாப்பிள்ளை கெட்டாரு, அப்படி ஒரு வெக்கம்."

மாமாவின் காதுமடல் சிவந்தது. அது அடக்கமா, கோபமா என்று சிட்டுவுக்குப் பிடிபடவில்லை. நன்றி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? கடையில் வைத்துச் சொன்னது தப்போ? அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டுமோ?

"மாமா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"வேண்டாம்னா விட்டுடணும். சும்மா அதையே பிடிச்சுத் தொங்கக்கூடாது. கிளம்பு."

கடைசியாக அவளுக்கு ஒரு வழி தோன்றியது. சொந்தக்காரி நன்றி சொன்னால்தானே பிடிக்கவில்லை? வெளி ஆள் சொன்னால் வாங்கிக்கொள்வாரே. மேனேஜரம்மாவைக் கைபேசியில் அழைத்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். "ஏய், வேண்டாம்..." என்று மாமா கை நீட்டுவதற்குள் குரல் வந்துவிட்டது.

"வணக்கம் சார். நானே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். நாங்க விசாரிச்ச மத்தவங்க எல்லாரும் 'தங்கமான பொண்ணு'ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான், 'அவளை மட்டும் எடுத்துடாதீங்க, தேதி முடிஞ்ச ஒரு மாத்திரையக்கூட விக்க விடமாட்டா, சொந்த மாமன்னுகூடப் பார்க்காம சண்டைக்கு நிப்பா'ன்னு விவரமாச் சொன்னீங்க."

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமாவின் வாய் மட்டும், பழக்கதோஷத்தில், "அட, இதுல என்னங்க இருக்கு" என்றது.