தலையில் ஒட்டிய லேபிள்

"எந்தக் கை இந்த வேலையைப் பண்ணுச்சோ, அந்தக் கை விளங்கவே விளங்காது!"

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்க இறங்க, முதலாளியின் குரல் ஏறிக்கொண்டே போனது.

ராணுவக் கிடங்கு மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுக்கினாலும் படிக்க முடிய வேண்டும் என்பதால் லேபிள் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். இங்கே எல்லாப் பெட்டிக்கும் தலையில் ஒட்டியிருந்தது.

"நாயா அலைஞ்சு, தொண்டை வத்தப் பேரம் பேசிப் பாதி விலைக்கு நூல் வாங்கி, இந்தக் கான்ட்ராக்டைப் பிடிச்சவன் நான். ஒரு லேபிள் ஒட்டத் துப்பில்லையா உங்களுக்கு? யாருன்னு சொல்லுங்க. இல்லே, எல்லாரும் கிளம்புங்க!"

பேக்கிங் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"அவங்களை ஏன் வையறீங்க? அப்படி ஒட்டச் சொன்னது நான்."

மனைவி. கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"நீயா? எங்கே ஒட்டணும்னு இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தவளே நீதானேடி!"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

திரும்பி வந்த பெட்டி ஒன்றைப் பிரித்தாள். உள்ளே, அடிபட்ட சிப்பாயின் கையிலோ காலிலோ ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் பட்டைகள். ஒன்றை எடுத்து அவர் புஜத்தில் சுற்றினாள்.

"இழுங்க."

"என்னடி விளையாட்டு?"

"உசிரு போகுதுன்னு நினைச்சு இழுங்க."

இழுத்தார். தையல் சரசரவென்று விட்டுப்போனது. பட்டை தரையில் விழுந்தது.

"நூல் சரியில்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'எல்லாம் தாங்கும், உன் வேலையைப் பாரு'ன்னீங்க. பேசித் தடுக்க முடியலை. லேபிளால தடுத்தேன்."

முதலாளி குனிந்து அந்தப் பட்டையை எடுத்தார். பேக்கிங் பெண்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சரி விடு... நல்லவேளை, எல்லாம் திரும்பி வந்துடுச்சு. பிரிச்சுத் தைச்சுடலாம்."

"எல்லாமா?"

அவருடைய போனை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"போன மாசம் போன லோடும் இதே நூல்தான். அப்ப நூல் இப்படின்னு எனக்குத் தெரியாது, நானே பார்த்துப் பார்த்துப் பக்கவாட்டுல ஒட்டி அனுப்பினேன். அது சண்டை நடக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தாச்சு. கிடங்குக்குப் போன் போடுங்க. 'அதை யாரும் கட்டாதீங்க'ன்னு உங்க வாயாலேயே சொல்லுங்க. இப்பவே!"