விழாத கோடு

“கோடு விழலையே... அப்போ போதை இருக்குன்னுதானே மேடம் அர்த்தம்?”

பரிசோதனை அட்டையை எட்டிப் பார்த்துக் கேட்டார் வெல்டர். எதிரே இருந்த போதை மீட்பு மைய ஆலோசகரால் நம்ப முடியவில்லை.

போதைக்காகத் தாமிரக் கம்பி திருடி மாட்டியவர் அந்த வெல்டர். சிகிச்சைக்கு ஒழுங்காக வந்தால் வெளியே, மறுபடி தொட்டால் உள்ளே என்று கோர்ட் சொல்லியிருந்தது. இங்கே தேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் முதல் விரல் இவர். அந்த நம்பிக்கையில்தான், பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது பக்கத்தில் ஆள் நிறுத்துவதைக்கூட அவள் விட்டிருந்தாள்.

“ஆமா, இருக்கு. ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“நான் தொடலை மேடம்.”

“அப்போ அட்டை பொய் சொல்லுதா?”

“இல்லை. அது சரியாத்தான் சொல்லும்.”

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆளின் கண் தெளிவாக இருந்தது. பேச்சில் குழறல் இல்லை. முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

“காலேஜ் போற பொண்ணு வீட்டுல இருக்காளே, அவளை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தீங்களா?”

“அவளைத்தான் மேடம் நினைச்சுட்டே இருக்கேன்” என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்பத்தான் ஆரம்பிச்சதுன்னா சீக்கிரம் விட்டுடலாமா? இந்தச் சிகிச்சை நிஜமாவே வேலை செய்யுமா?”

யார் யாரைக் கேட்பது! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அதை நீங்கதான் சொல்லணும். உங்களைக் காட்டித்தானே புதுசா வர்றவங்களுக்கு தைரியம் சொல்லிட்டு இருந்தேன்? இப்ப நான் கோர்ட்டுக்குப் போன் போட்டா என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியும். உள்ளே போவேன்.”

போனைக் கையில் எடுத்தவளுக்கு மனசு வரவில்லை. கீழே வைத்தாள்.

“அட்டையில கோளாறாக்கூட இருக்கலாம். இன்னொரு தடவை பார்த்துடலாமா?”

“பாருங்க மேடம். இந்தத் தடவை ஆளையும் கூடவே நிக்க வைங்க. கோடு பளிச்சுன்னு விழும்.”

“அப்போ இது? மாத்திக் குடுத்தீங்களா? மாட்டிக்கக் கூடாதுன்னு மாத்துறவங்களைப் பார்த்திருக்கேன். சுத்தமா இருக்கிற மனுஷன் எதுக்குய்யா மாத்தணும்?”

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“காய்ச்சலுக்கு டெஸ்ட்டுன்னு பொய் சொல்லி வாங்கிட்டு வந்தேன். அது என் பொண்ணோடது மேடம். எனக்கு வேலை செஞ்ச சிகிச்சை, அவளுக்கும் செய்யும்தானே?”