வேர் அந்தப் பக்கம்

ஈரப் போர்வையைச் சுகிர்தம் இரண்டாவது முறையாக இழுத்துவிட்டாள். மொட்டைமாடியின் கிழக்குச் சுவரை அது முழுசாக மறைக்கவில்லை. சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறிவந்த திராட்சைத் தண்டு, மணிக்கட்டுப் பருமனில், போர்வைக்கு வெளியே தெரிந்தது.

கீழே வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். பதினான்கு பேர்.

வீட்டுத்தோட்ட வாட்ஸப் குழு இந்த ஞாயிற்றுக்கிழமை அனுமந்தன்பட்டியில் வீடு வீடாகப் போய்த் தோட்டம் பார்க்கிறது. அவள் வீடு மூன்றாவது. பன்னீர் திராட்சைக் குலையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டது வேறு யாரும் இல்லை, அவளேதான். கை சும்மா இருந்திருக்கலாம்.

பந்தல் அவளுடையது. வேர் அவளுடையது இல்லை.

மாமனார் வைத்த கொடி. ஏழு வருடத்துக்கு முன்னால் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோது, வேர் மூத்த மகன் பங்கில் போய்விட்டது. பந்தல் இளைய மகன், அவள் வீட்டுக்காரர் வீரபாண்டியின் பங்கில் நின்றது. மூத்தவருக்கு வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்த வீட்டில் அவர் மனைவி அய்யம்மாள் மட்டும்.

சுவர் எழுந்த அன்று ஓரகத்திகள் இருவருக்கும் வாய்த்தகராறு. அன்றோடு பேச்சு நின்றது. திராட்சை மட்டும் நிற்கவில்லை. அத்தனை குலையும் இவள் பக்கமே தொங்கியது. ஒன்றுகூட அந்தப் பக்கம் போனதில்லை. நம்ம பக்கம் தொங்குவது நம்மது என்று சுகிர்தம் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டின் சிறந்த செடியிலிருந்து நடுவதற்கு ஆளுக்கொரு குச்சி வெட்டித் தருவது குழுவின் வழக்கம். பழம் தின்றது வீட்டுக்குள் நடந்தது. குச்சியைத் தானம் செய்வது ஊரறிய நடக்கப்போகிறது. கீழே தன் முற்றத்தில் நின்று, ‘ஆரு கொடிய ஆரு குடுக்கிறது?’ என்று அய்யம்மாள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பதினான்கு பேர் முன்னால் மானம் கப்பல் ஏறிவிடும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவளுக்கு மடி நிறையக் கனம்.

எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். சுகிர்தம் தக்காளியைக் காட்டினாள், பாகலைக் காட்டினாள், தொட்டியில் நட்ட மஞ்சளைக்கூடக் காட்டினாள். யாரும் திரும்பவில்லை. செல்போனும் கையுமாகப் பந்தலுக்கு அடியிலேயே நின்றார்கள்.

“வேர் எங்கனக்கா இருக்கு?” என்றாள் ஒரு பெண்.

“மோர் எடுத்துக்கங்க, வெயிலா இருக்குல்ல” என்றாள் சுகிர்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அய்யம்மாள் இருமினாள். சுகிர்தம் அந்தப் பக்கம் பார்க்காமல் மோர்த் தட்டை அடுத்தவரிடம் நீட்டினாள்.

ஹனீபா பாய் மோர் வாங்கவில்லை. கம்பத்தில் மூன்று ஏக்கர் திராட்சை வைத்திருப்பவர். குலையைப் பார்க்காமல் ஒரு கொடியை வளைத்து, அது வெட்டப்பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கவாத்து யாரு பண்ணுனது? தேர்ந்த கையா இருக்கே.”

சுகிர்தத்துக்கு மூச்சு வந்தது. பயந்த கேள்வி இது இல்லை.

“எங்க வீட்ல அவுகதான் பாய்.”

அவள் அறிந்தவரை அதில் பொய் இல்லை. ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை முடிந்து சாயங்காலம் வருவாள். சில நாள் பந்தல் மொட்டையடித்த மாதிரி நிற்கும். “முடிச்சாச்சு” என்பார் வீரபாண்டி. கவாத்து பண்ணாத கொடி காய்க்காது என்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்காரர் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை என்று அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

பாய் தன் பையிலிருந்து கத்தரியை எடுத்து, படியோரம் நின்ற வீரபாண்டியிடம் நீட்டினார். “எத்தன கண்ணு விட்டு வெட்டுறீகண்ணே? நீங்களே குச்சி வெட்டிக் குடுங்க.”

வீரபாண்டி கத்தரியை வாங்கினார். அதன் கொக்கியை எப்படி விடுவிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பதினான்கு பேரும் அவர் கையையே பார்த்தார்கள்.

அவர் போர்வை தொங்கிய சுவரைப் பார்த்தார்.

“மதினிதான் வெட்டுனாக” என்றார். “ஏழு வருசமும் அவுகதான். நீ வேலைக்குப் போனப்பறம் அங்கன இருந்து சுவத்துல ஏணி போட்டு ஏறி வருவாக. நான் மேல இருந்து ஏணியப் பிடிச்சுக்கிருவேன்.”

சுகிர்தம் வாயில் வந்ததைக் கேட்டாள்.

“ஏன், வாசல் வழியா வந்தா என்னவாம்?”

வீரபாண்டி கத்தரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சுவர் கட்டுன அன்னைக்கு நீதான சொன்ன, ‘எவளாச்சும் எங்க வாசல்ல கால வச்சா ஒடிச்சுப்புடுவேன்’னு. அதான் வைக்கல.”

சுகிர்தத்துக்கு அவமானமாக இருந்தது. ஆனால் காலையிலிருந்து அவள் பயந்த அவமானம் அது இல்லை. அதையாவது தாங்கியிருப்பாள்.

“கொஞ்சம் இருங்க பாய். கேட்டுட்டு வந்துர்றேன்.”

படியிறங்கினாள். தெருவுக்கு வந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கால் வைக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.