ரிப்பேர்

“இன்னைக்கும் வந்துட்டாரா உன் மாமனார்?” போனில் அக்கா கேட்டாள்.

“வராம இருப்பாரா? பத்து மணிக்கு டாண்ணு ஆஜர். மேஜை முழுக்கக் கடை பரப்பியாச்சு.”

சமையலறை மூலையில் நின்று அவள் கிசுகிசுத்தாள். கூடத்தில் மாமனார், அந்தப் பழைய சிடி பிளேயரை மல்லாக்கப் போட்டு, அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எட்டு தள்ளி, தொட்டிலில் பாப்பா. பிறந்து ஐம்பத்திரண்டு நாள்.

“மூணு வாரமாவா ஒரு பாட்டுப் பெட்டியை ரிப்பேர் பண்றார்? நீ வெகுளிடி. குழந்தையை நீ எப்படிப் பார்த்துக்கிறேன்னு வேவு பார்க்கத்தான் வர்றார். எழுதி வெச்சுக்கோ.”

சுருக்கென்றது. அந்த நினைப்பு அவளுக்கும் வராமல் இல்லை.

கணவனின் லீவு முடிந்து, அவன் வேலைக்குப் போன முதல் நாள் ஆரம்பித்தது இது. அதற்கு முந்தின வாரம்தான் பாப்பாவுக்குப் பால் புரையேறி, முகம் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்து ஓடியிருந்தார்கள்.

“தனியா இருந்துக்குவியா? துணைக்கு யாரையாவது கூப்பிடட்டுமா?” என்று அவன் கேட்டான்.

“ஏன், என் குழந்தையைப் பார்த்துக்க எனக்குத் தெரியாதா?” வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவன் தெருமுனை தாண்டியதும் பாப்பாவின் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் மாமனார் பேத்தியைப் பார்க்க வந்தபோது, மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்தாள். காலில் செருப்பு. தோளில் குழந்தையின் பை. நெஞ்சோடு பாப்பா.

“எங்கேம்மா கிளம்பிட்ட?”

“எங்கேயும் இல்ல மாமா. சும்மாதான்.”

அவர் செருப்பைப் பார்த்தார். அப்புறம் அலமாரியைப் பார்த்தார்.

“அந்த சிடி பிளேயர் ஓடுதா?”

“திக்கித் திக்கிப் பாடும் மாமா. ஒரே வரியில மாட்டிக்கிட்டு நிக்கும்.”

“கண்ணு மங்கியிருக்கும். உள்ள லென்ஸ் இருக்கில்ல, அது. அரை மணி நேர வேலை.”

அந்த அரை மணி நேரம்தான் இன்னும் முடியவில்லை.

திருகாணி எதுவும் பாப்பா பக்கம் போய்விடக்கூடாதே என்று அவளுக்குத் தினமும் எண்ணிப் பார்க்கிற வேலை வேறு.

“பதினொண்ணு இருந்தது மாமா. பத்துதான் இருக்கு!”

மனிதர் மேஜைக்கு அடியில் தவழ்ந்து, நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்து, கடைசியில், “கிடைச்சுட்டான்! என் சட்டை மடிப்புல ஒளிஞ்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறான்” என்பார்.

அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது பாப்பா சத்தம் போட்டால், நுரையோடு ஓடி வருவாள்.

“தும்மல்தாம்மா. நீ நிதானமா குளிச்சுட்டு வா.”

“ஏன் மாமா, பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடலாமே?”

“நல்லா இருக்கே! உடம்பு சரியில்லைன்னா ஆளையே மாத்திடுவோமா?”

லீவு நாளில் மட்டும் வர மாட்டார். மகன் கேலி செய்வான் என்று பயம் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டாள்.

அக்காவின் பேச்சு மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை வந்ததும், இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று பாப்பாவைக் கணவனிடம் விட்டுவிட்டு, பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் இருந்த மெக்கானிக்கிடம் போனாள்.

மெக்கானிக் மூடியைத் திறந்தான். புருவத்தை உயர்த்தினான்.

“இதுல யார் கை வெச்சது மேடம்?”

“மாமனார். கெடுத்துட்டாரா?”

“கெடுக்கிறதா? லென்ஸ் புதுசு. தட்டு திறக்கிற பெல்ட் புதுசு. தூசு தும்பு இல்ல. நான் பார்த்திருந்தாகூட இவ்வளவு சுத்தமா பண்ணியிருக்க மாட்டேன்.”

“அப்புறம் ஏன் பாடலை?”

“எப்படிப் பாடும்? லென்ஸுக்குப் போற பட்டை வயரை உருவி, நுனி ஒடியாம டேப் சுத்தி, ஓரமா மடிச்சு வெச்சிருக்கார். தானா கழண்டது இல்ல மேடம். வேணும்னே கழட்டினது.”

டேப்பைப் பிரித்து, வயரைச் செருகி, ஒரு சிடியைப் போட்டான். பிளேயர் திக்காமல் திணறாமல் பாடியது.

மூன்று வாரமாக ஒரு பகல்கூடப் பாப்பாவோடு தனியாக இருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“பேக் பண்ணிடவா மேடம்?”

“இல்ல... அந்த வயரைப் பழையபடி கழட்டி, டேப் சுத்திடுங்க.”

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “நல்ல குடும்பம் மேடம்! ரிப்பேரைச் சரி பண்ணுன்னு வருவாங்க. சரியா இருக்கிறதை ரிப்பேர் ஆக்குன்னு வந்தது நீங்கதான் முதல்.”

திரும்பும் வழியில் மாமனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவரின் பார்வை நேரே அவள் கையிலிருந்த பைக்குப் போனது. முகம் சுருங்கிவிட்டது.

“கடைக்கா எடுத்துட்டுப் போன?” என்றார், திருட்டுப் பிடிபட்ட பிள்ளை போல. “என்ன... என்ன சொன்னான்?”

“அவரால முடியாதாம் மாமா. ரொம்பப் பெரிய ரிப்பேராம். நீங்க பார்த்தாத்தான் உண்டாம்.”

அவர் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்:

“திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுங்க.”