நாற்பதாவது பெயர்

"எம்பது பேரை வீட்டுக்கு அனுப்புவியா? அந்தத் தைரியத்தை எவன்யா உனக்குக் குடுத்தான்?"

"அனுப்பிக் காட்டுறேன், பாரு!"

முதலாளி அறையில் எங்கள் சங்கத் தலைவர் போட்ட சத்தத்துக்கு, வெளியே மில்லே கைதட்டியது.

ஏசி ரிப்பேருக்காகப் பின்கதவு வழியாக உள்ளே போனேன். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக் கத்தியபடி ஒரு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்ததே நாற்பது பேர்தான். கடைசிப் பெயர் என்னுடையது.

என்னைப் பார்த்ததும் தலைவர் அதைப் பேனாவால் அடித்தார். "வெளிய மூச்சு விடக்கூடாது. ஆனா நாப்பது குறையாது. பதிலுக்கு ஒரு பேரு சொல்லு."

சொன்னேன்.

தலைவர் வெளியே போய், "சண்டை போட்டு எம்பதை நாப்பதாக்கிட்டேன்!" என்றார். அவரைத் தோளில் தூக்கி ஆடினார் என் தங்கச்சி புருஷன். நான் சொன்னது, தூக்கி ஆடியவர் பெயரைத்தான்.

நீங்களாக இருந்தால் யார் பெயரைச் சொல்லியிருப்பீர்கள்? மறைக்காமல் பதில் எழுதுங்கள்.